ரென்னியை விற்கப் போன திங்கட்கிழமை

லோர்ன் டட்சாக்குக்கு அன்றைக்கு ஒரே ஒரு வேலைதான். ரென்னி லாஃபோண்டை விற்க வேண்டும்.

ரென்னி என்றால் சாஸ்கட்டூன் நாரைகள் என்ற பனி ஹாக்கி அணியின் கேப்டன். பதினான்கு வருடமாக இந்த ஊர்ப் பனித்தரையில் மட்டையோடு சறுக்குகிறவன். ஊரில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு அவன் பெயர்; மீதிப் பாதி பெண் குழந்தைகள் என்பதால் தப்பித்தன. அவனுடைய ஒப்பந்தம் ஜூன் கடைசியோடு முடிகிறது. ஜூலை பிறந்தால் அவன் யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் கிளம்பிப் போகலாம், நாரைகளுக்கு அவன் கழற்றிப் போட்ட காலுறைகூட மிஞ்சாது. அதற்கு முன்னால் அவனை வேறொரு அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு நாலு நல்ல ஆளை வாங்கிப் போடுவதுதான் மேலாளருடைய புத்தி. அப்படி ஆள் மாற்றிக்கொள்ள லீக் வைத்திருந்த கடைசி நாள் அந்த மார்ச் மாதத் திங்கட்கிழமை.

லோர்னுடைய புத்தியைப் பற்றி ஊருக்கு ஏற்கெனவே ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆறு வருடம் முன்னால் கிர்பி ஆன்ஸ்லோ என்று ஒரு கோல்கீப்பர் இருந்தான். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இன்னும் நல்ல விலை வரும் என்று லோர்ன் காத்திருந்தார். காத்திருந்து காத்திருந்து கடைசியில் ஜூலை வந்தது, கிர்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான், பதிலுக்கு ஒரு பைசா பெறாத கைகுலுக்கல் மட்டும் கிடைத்தது. அன்றிலிருந்து ரேடியோக்காரன் அவருக்கு வைத்த பெயர் 'சும்மா லோர்ன்'. பெட்ரோல் போடப் போனால் அங்கே இருக்கும் பெண் காபியை நீட்டி, "உங்களுக்கு இது சும்மாதானே சார்?" என்பாள். காசையும் வாங்கிக்கொள்வாள்.

இந்த முறை முதலாளியம்மாள் நேரில் கூப்பிட்டே சொல்லிவிட்டார். வெர்னா கிளாசென். புருஷன் விட்டுப்போன டிராக்டர் கடைகளும் இந்த அணியும் அவர் கையில். டிராக்டரில் லாபம், அணியில் தலைவலி.

"ஏம்ப்பா லோர்ன், ரென்னி ஜூலையில சும்மா வெளிய போனான்னா, அவனுக்கு முன்னாடி நீ போய்க் கதவைத் திறந்து புடிச்சிட்டு நிப்ப. புரியுதா?"

புரிந்தது. அறுபத்திரண்டு வயதில் வேறு வேலை யாரும் தரமாட்டார்கள் என்பதும் புரிந்தது. முப்பது வருடமாக இந்த விளையாட்டைத் தவிர வேறொன்றையும் தொட்டதில்லை. வீட்டில் குழாய் ஒழுகினால்கூட மனைவிதான் ஸ்பேனரை எடுப்பாள்.

காலையில் வண்டியை அரங்கத்தின் பின்வாசலில் நிறுத்தி, எஞ்சின் உறைந்து போகாமலிருக்க வயரைச் சுவரில் செருகிவிட்டு, நேராக உடைமாற்றும் அறைக்குப் போனார். மற்றவர்கள் பனியில் இறங்கிப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விற்கப் போகிற ஆளைப் பனியில் இறக்கமாட்டார்கள், அடிகிடி பட்டுவிட்டால் சரக்கு கெட்டுவிடும். அதனால் ரென்னி மட்டும் வெறும் காலுறையோடு பெஞ்சில் உட்கார்ந்து, அதற்கென்றே அவன் வைத்திருக்கும் டப்பாவில் சூரியகாந்தி விதைத் தொலியைத் துப்பிக்கொண்டிருந்தான். முன்பல் இரண்டு இல்லாததால் தொலி குறி தப்பாமல் போய் விழுந்தது.

"என்ன பாஸ், இன்னிக்கு என்னை எந்தச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறீங்க?"

"உன் வாயைக் கொஞ்சம் மூடறியாடா? நீ சம்மதிக்காம உன்னை எங்கயும் அனுப்ப முடியாது. நான்தான அந்த வரியை ஒப்பந்தத்துல எழுதிக் குடுத்தேன்."

"குடுத்தீங்க. குடிச்சிட்டு இருந்தீங்க அன்னிக்கு."

"சரி, சொல்லு. எங்க போற?"

ரென்னி டப்பாவைக் கீழே வைத்தான். கிண்டல் முகத்திலிருந்து இறங்கியது.

"ஹாமில்டன். இல்லேன்னா ஹூஸ்டன். ரெண்டு பேரும் இந்த வருஷம் கோப்பைக்கு முட்டப் போறவங்க. எனக்கு முப்பத்திரண்டு ஆச்சு பாஸ். முழங்கால் ரெண்டும் காலைல எழுந்தா கதவு கீல் மாதிரி கத்துது. நம்ம அணி எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

"கடைசியிலிருந்து ரெண்டாவது."

"கடைசியில இருக்கிறவன் நேத்து ஜெயிச்சான், பாக்கலயா? இந்த ஊரை எனக்குப் பிடிக்கும். ஆனா ஒரு தடவையாவது அந்தக் கோப்பையைத் தூக்கணும். அனுப்பிடுங்க பாஸ். பதினாலு வருஷத்துல உங்ககிட்ட வேற எதுவும் கேட்டதில்ல."

"போன வருஷம் விமானத்துல ஜன்னல் சீட்டு கேட்ட."

"அதுவும் குடுக்கல நீங்க."

லோர்ன் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மாடிக்கு ஏறினார்.

மாடியில் கிரகாம் காத்திருந்தான். துணை மேலாளர். இலையுதிர் காலத்தில் டொராண்டோவிலிருந்து வந்த பையன், கணக்குப் படிப்புப் படித்தவன். ஆட்டக்காரனைப் பார்த்தால் அவனுக்கு மூக்கு, காது எல்லாம் தெரியாது, சதவிகிதம்தான் தெரியும். ஆனால் கெட்டிக்காரன், சொன்ன பேச்சும் கேட்பான். அன்றைக்கு அந்தக் குணம்தான் காலை வாரியது.

முதல் வேலையாக லோர்ன் ஒரு காலி ஐஸ்கிரீம் வாளியை நீட்டினார்.

"போனைப் போடு."

"எதுக்கு?"

"போன வருஷம் நான் இந்த அறையில தும்மினா ரேடியோல 'நூறாயுசு லோர்ன்'னு வந்துச்சு. யாரோ செய்தி அனுப்பறாங்க. இன்னிக்கு இந்த மேசை போன் ஒண்ணுதான். என் போனும் உள்ள போகுது, பாரு. உன் கம்ப்யூட்டரும்."

"கம்ப்யூட்டர் வாளிக்குள்ள போகாது."

"அலமாரியில வைச்சுப் பூட்டு."

வாளியும் கம்ப்யூட்டரும் அலமாரிக்குள் போயின. கிரகாம் கேட்டான்: "லீக் சொன்ன கெடு டொராண்டோ மணிக்கு மூணு. இங்க அப்ப..."

"ரெண்டு. இந்த நாற்காலியில பதினெட்டு வருஷமா குந்தியிருக்கேன். ஒவ்வொரு வருஷமும் ரெண்டு. ரெண்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போதுதான் எல்லாவனும் கோவணத்தை அவுப்பான். அது வரைக்கும் நாம காபி குடிக்கணும்."

டிவியில் விளையாட்டுச் சேனல் வைத்தால் அங்கே கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து அவரைத் திட்டுவார்கள். அதனால் லோர்ன் கர்லிங் போட்டிக்கு மாற்றினார். பனியில் கல்லைத் தள்ளிவிட்டு இரண்டு பேர் துடைப்பத்தால் அதன் முன்னால் பெருக்கிக்கொண்டே ஓடினார்கள். பார்க்கப் பார்க்க அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியது.

ஹாமில்டன் மேலாளர் டங்கன் பிரைஸ் முதலில் கூப்பிட்டான். லோர்னும் அவனும் சின்ன வயதில் ஒரே பேருந்தில் போய் விளையாடியவர்கள். டங்கனுடைய மூக்கு இடப்பக்கம் சாய்ந்திருப்பது லோர்னுடைய முழங்கை செய்த வேலை.

"யோவ் லோர்ன், கேளு. முதல் சுற்றுல ஒரு இடம். கூடவே எங்க பையன் டேசாரெட்."

முதல் சுற்று இடம் என்றால், கோடையில் புதுப் பையன்களை வரிசையாகப் பொறுக்கி எடுக்கும்போது முன்வரிசையில் நின்று எடுக்கலாம். டேசாரெட் இருபது வயதுத் தடுப்பாட்டக்காரன். சுவர் மாதிரி இருப்பான், சுவர் அளவுக்குத்தான் ஓடுவான்.

"அவ்வளவுதானா? நான் என்ன பழைய பனிவண்டியா விக்கிறேன்?"

"கூட எங்க மல்லாயையும் எடுத்துக்கோ."

"மல்லாயை நீயே வெச்சுக்கோ. அவன் சம்பளத்தைப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது, அவனுக்குப் பனியில நடந்தாலே மூச்சு வாங்குது. உருளைக்கிழங்கு மூட்டையில அழுகினதை அடியில போட்டுத் தர்ற வேலையை என்கிட்ட காட்டாத."

போனை வைத்துவிட்டார். ஹூஸ்டனிலிருந்து வேட் ஹாலோரன் கூப்பிட்டான். முதல் சுற்றில் இரண்டு இடம் தருவதாகச் சொன்னான், ஆனால் அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும். ஆள் யாரும் கிடையாது.

கிரகாம் காகிதத்தில் கிறுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "கணக்குப்படி ஹூஸ்டன்தான் கொஞ்சம் மேல."

"கணக்குப்படி சரி. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற பையனை நான் எங்கிருந்துடா பாக்கறது? டிராக்டர் கடை வாசல்ல நின்னா? வெர்னாம்மா இந்த ஜூலையிலேயே என் கழுத்தைப் பிடிப்பாங்க. எனக்கு இப்ப கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு ஆள் வேணும்."

"அப்ப ஹாமில்டன். மல்லாய் இல்லாம."

"மல்லாய் இல்லாம, கூட இன்னொருத்தனோட. அவங்க ரெண்டாவது வரிசையில ஒரு ஃபின்லாந்துப் பையன் இருக்கான் பாரு, சால்மேலா. அவன் வேணும்."

"அவனைத் தரவே மாட்டாங்க."

"தருவான். பொறு."

பொறுப்பதுதான் லோர்னுக்குத் தெரிந்த ஒரே வித்தை. கிர்பி விஷயத்தில் அது சொதப்பியது, ஒத்துக்கொள்வார். ஆனால் அப்போது நாள் கணக்கில் பொறுத்தார். இப்போது மணிக் கணக்குத்தானே. மனைவி கட்டிக் கொடுத்த டப்பாவைத் திறந்து, உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டையான பெரோகியை வெங்காயத்தோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார். கிரகாமுக்கும் இரண்டு கொடுத்தார்.

பன்னிரண்டு மணி தாண்டியதும் போன் சூடாக ஆரம்பித்தது.

டங்கன்: "சரிய்யா, மல்லாய் வேண்டாம். டேசாரெட்டும் முதல் சுற்று இடமும். முடிச்சுக்கலாமா?"

"யோசிக்கணும்."

"என்னத்தை இன்னும் யோசிக்கிற? நேரம் ஓடுது!"

"ஓடட்டும். அதுக்குக் கால் இருக்கு."

வேட்: "ரெண்டு இடத்தோட ஒரு கோல்கீப்பரையும் சேர்த்துக்கறேன்."

"எந்தக் கோல்கீப்பர்?"

"கிம்பல்."

"கிம்பலா? அவன் வலையில நிக்கிறதைவிட அந்த வலையைச் சும்மா விட்டா கம்மியா கோல் விழும்."

கிரகாம் கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தான். லோர்ன் போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு கண்ணடித்தார். "பாத்தியா? இன்னும் ஒன்றரை மணி நேரம் கிடக்கு, இப்பவே வேர்க்குது அவனுங்களுக்கு. ஒண்ணரை மணி ஆனா ஹூஸ்டன்காரன் அவன் மாமியாரையும் சேர்த்துத் தருவான்."

அடுத்து டங்கன் கூப்பிட்டபோது அவன் குரலில் தண்ணீர் வற்றியிருந்தது.

"லோர்ன். சால்மேலா. தர்றேன். டேசாரெட், சால்மேலா, முதல் சுற்று இடம். என் முதலாளி என்னை உயிரோட உரிப்பாரு. ஆனா இப்பவே சரின்னு சொல்லு, இப்பவே லீக் ஆபீசுக்கு ரெண்டு பேரும் கூப்பிட்டாத்தான் ஆகும். கால் மணி நேரம்கூட இல்ல."

லோர்ன் கனவில் கேட்ட விலை. இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "கால் மணி நேரமா? யாருடா உனக்குக் கெடு வெச்சது?"

"யாரா? யோவ், உனக்கு என்ன ஆச்சு?"

"ரெண்டாவது சுற்றுலயும் ஒரு இடம் சேரு. அப்புறம் பேசலாம்."

"லோர்ன், விளையாடாத!"

"நான் விளையாடி முப்பது வருஷம் ஆச்சு. நான் கூப்பிடறேன்." வைத்துவிட்டார்.

கிரகாம் எழுந்து நின்றுவிட்டான். "இதை விட நல்லது வராது லோர்ன்! எடுத்துக்கலாம்! கால் மணி நேரம்னு சொல்றாரே."

"அவனா ஒரு கெடு வெச்சு என்னைப் பயமுறுத்தறான்டா. எத்தனை வருஷமா அவனைத் தெரியும். சின்னப் பையனா இருக்கும்போதே பேருந்து கிளம்பப் போகுதுன்னு பொய் சொல்லி என் சாண்ட்விச்சைத் தின்னவன். இப்ப திரும்பக் கூப்பிடுவான் பாரு, ரெண்டாவது சுற்று இடத்தோட."

போன் அடித்தது. லோர்ன் எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. லோர்ன் கடைசிப் பெரோகியை எடுத்து நிதானமாகக் கடித்தார். கர்லிங்கில் மஞ்சள் கல் சிவப்புக் கல்லைத் தள்ளிக்கொண்டு போய் நடுவில் நின்றது. "அடடா, என்ன அழகு" என்றார்.

கிரகாம் நகத்தைக் கடித்தான். போன் மூன்றாவது தடவை அடித்தது. இந்த முறை நீளமாக, பிள்ளை அழுவதைப் போல. அப்புறம் நின்றுவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி.

பிறகு போன் அடிக்கவே இல்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். லோர்ன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். கொர்ரென்று உயிரோடுதான் இருந்தது. சரி, அவனவன் கூடிப் பேசுகிறான் என்று நினைத்தார். அப்போதுதான் வெளியே கார் ஹாரன் கேட்டது. ஒன்று, அப்புறம் நாலைந்து, அப்புறம் தெரு முழுக்க. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வண்டி நிறுத்துமிடத்தில் அந்தக் குளிரில் ஜனங்கள் கையைத் தூக்கிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். கொஞ்ச நேரம்தான், அப்புறம் அவனே அவசர அவசரமாகப் போட்டுக்கொண்டான்.

"எதுக்குடா இவனுங்க குதிக்கறானுங்க?" என்று லோர்ன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. பாய்ந்து எடுத்தார். டங்கன்தான்.

"என்னய்யா பண்ணித் தொலைச்ச?" கோபம் இல்லை, சாவு வீட்டில் பேசுவதுபோல் பேசினான். "மூணு தடவை கூப்பிட்டேன்யா."

"சரி சரி, இப்பத்தான் ஒரு மணி தாண்டுது, இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. ரெண்டாவது சுற்று இடம் என்னாச்சு?"

டங்கன் குரலைத் தாழ்த்தினான்.

"லோர்ன்... உங்க ஊர்ல கடிகாரத்தைத் தள்ளி வைக்க மாட்டீங்க இல்ல?"

லோர்ன் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிக்கொள்வார்கள். எங்கள் சாஸ்கச்சுவான் மாகாணத்தில் நாங்கள் தள்ளமாட்டோம். சூரியன் அது பாட்டுக்கு வருகிறது, மாடு அது பாட்டுக்குப் பால் கொடுக்கிறது, எவனோ சொன்னான் என்று முள்ளைத் திருப்புவானேன்? எங்களுக்கு அதில் ஒரு கர்வமும் உண்டு. வருடா வருடம் ஆள் மாற்றும் கடைசி நாள் அந்த ஞாயிறுக்கு முன்னாலேயே வந்துவிடும். டொராண்டோவில் மூன்று அடித்தால் இங்கே இரண்டு. இந்த வருடம் லீக்காரர்கள் அதை ஞாயிறு தாண்டித் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். டொராண்டோக்காரன் கடிகாரத்தோடு ஓடிப்போய்விட்டான். அங்கே மூன்று அடித்தபோது இங்கே ஒன்று. லோர்ன் பெரோகி தின்றுகொண்டிருந்தார்.

போனை வைத்தார். கிரகாமின் முகம் மாவு பூசியதுபோல் இருந்தது.

"நேத்து எங்கம்மா போன் பண்ணாங்க," என்றான் மெதுவாக. "இருட்டிடுச்சு, எட்டு மணின்னாங்க. எனக்கு ஆறுதான் காட்டுச்சு. எப்பவும் ஒரு மணிதான வித்தியாசம், இதென்ன ரெண்டுன்னு நினைச்சேன்."

"நினைச்சியா?"

"நினைச்சேன். நீங்க ரெண்டு மணின்னு அடிச்சுச் சொன்னீங்களா..."

"கிரகாம், நான் நாளைக்கு ஜன்னல் வழியா குதின்னு சொன்னாலும் குதிப்பியா?"

கிரகாம் ஜன்னலைப் பார்த்தான். பாவம், நிஜமாகவே யோசித்தான்.

கதவு படாரென்று திறந்தது. ரென்னி. கோட்டு மாட்டியிருந்தான், கையில் பயணப்பை.

"பாஸ், ரேடியோல என்ன சொல்றான் தெரியுமா? 'லோர்னுக்கு முதுகெலும்பு இருக்கு, நம்ம பையனை விக்கமாட்டேன்னு நின்னுட்டாரு'ன்னு அழறான் அந்தாளு. நிஜமாவே அழறான்." பையைத் தரையில் போட்டான். "நான் உங்ககிட்ட வாயைத் திறந்து கேட்டேன். கை தட்டு வாங்கறதுக்காக என்னை இங்கயே கட்டிப் போட்டுட்டீங்களா?"

லோர்ன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலேயே வெர்னா அம்மாள் வந்துவிட்டார். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டக்கூட இல்லை. கதவைச் சாத்தினார்.

"வேணும்னேதான் விடலன்னு சொல்லு லோர்ன். உனக்குப் புண்ணியமா போகும். வெளியில ஒரு ஊரே நிக்குது. நீ ஊருக்காக நின்னேன்னு சொன்னா, இன்னிக்கு உன் மேல நான் கை வைக்க முடியாது. வெச்சா நாளைக்கு என் கடையில ஒருத்தனும் ஒரு ஆணிகூட வாங்கமாட்டான்."

லோர்ன் நின்றார். ஒரு வார்த்தைதான். 'ஆமாம்' என்றால் போதும், வேலை தப்பும். வெளியே ஹாரன் சத்தம் நிற்கவில்லை. ஆறு வருடமாக அந்த ஜனங்கள் அவரைப் பார்த்தால் சிரித்தார்கள், இன்றைக்கு அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். கிரகாம் காட்டிக்கொடுக்கமாட்டான். ஆனால் ரென்னி எதிரே நின்றுகொண்டிருந்தான். பதினெட்டு வயதில், பிரின்ஸ் ஆல்பர்ட் ஊரில் ஒரு பழைய அரங்கத்தில், லோர்ன் கண்டெடுத்த பையன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

"நான் உன்னைக் கட்டிப் போடலடா. டேசாரெட், சால்மேலா, முதல் சுற்று இடம். டங்கன் எல்லாத்தையும் குடுத்தான். நான் ரெண்டு மணி வரைக்கும் டைம் இருக்குன்னு உக்காந்திருந்தேன்."

"ரெண்டா?" என்றான் ரென்னி.

"ரெண்டு."

"ஒண்ணுதான? கடிகாரம் நேத்து..." ரென்னி நிறுத்தினான். வாய் மெதுவாகத் திறந்தது. பல் இல்லாத இடம் கருப்பாகத் தெரிந்தது. "இல்ல பாஸ். இல்ல. சொல்லாதீங்க."

"சொல்றேன். கடிகாரம்."

ரென்னி சுவரில் சாய்ந்தான். சுவரோடு வழுக்கித் தரையில் உட்கார்ந்தான். சிரிப்பா அழுகையா என்று முதலில் தெரியவில்லை. அப்புறம் அரங்கம் அதிரச் சிரித்தான். "முள்ளைத் தள்ளி வைக்கிற வின்னிபெக்ல என் கல்யாணம். என் கல்யாணத்துக்கே நான் ஒரு மணி நேரம் லேட்டு! என் பொண்டாட்டி டானிஸோட அப்பா இன்னிக்கு வரைக்கும் என்னோட பேசறதில்ல!"

வெர்னா அம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எங்க வீட்டுக்காரர் அடக்கத்துக்கு அவர் தம்பி மனிடோபாவிலேர்ந்து அவன் ஊர் மணிக்கு வந்துட்டான். யாரும் வர்றதுக்கு முன்னாடி மொத்தக் காபியையும் குடிச்சுத் தீர்த்துட்டான்." கொஞ்சம் நிறுத்தி, "உன்னை வேலையை விட்டு அனுப்பறேன் லோர்ன்."

"தெரியும்மா."

"இன்னிக்கில்ல. இன்னிக்கு அனுப்பினா கடையைக் கொளுத்துவாங்க."

ரென்னியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. முட்டியைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். "இந்த வருஷம் கோப்பை போச்சு" என்றான், யாருக்கும் இல்லாமல். லோர்ன் அவன் பக்கத்தில், அறுபத்திரண்டு வயது எலும்பு முறுமுறுக்க, தரையிலேயே உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கோடா."

"மன்னிக்கலாம், மெதுவா." ரென்னி மூக்கைத் துடைத்துக்கொண்டான். "ஜூலையில ஹாமில்டன் போயிடுவேன், தெரியும்ல? உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது."

"தெரியும்."

"ஆனா ஒண்ணு. கீழ பத்திரிகைக்காரனுங்க நிக்கறானுங்க. அவனுங்ககிட்ட கடிகாரத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்க, கொன்னுடுவேன்."

"ஏன்டா? நெசத்தைச் சொல்லித் தொலைச்சுடறேனே."

"என்கிட்ட சொல்லிட்டீங்க, போதும். அவனுங்ககிட்ட சொன்னா ஒன்டாரியோக்காரன் நூறு வருஷம் சிரிப்பான். நம்மளைப் பிடிவாதக்காரன்னு சொல்லட்டும், கிறுக்கன்னு சொல்லட்டும். மணி பாக்கத் தெரியாதவன்னு சொல்ல விடக்கூடாது."

வெர்னா அம்மாள் தலையை ஆட்டினார். பதினான்கு வருடத்தில் அவரும் ரென்னியும் ஒத்துப்போனது அன்றுதான். கிரகாம் மட்டும், டொராண்டோ இருக்கும் அதே ஒன்டாரியோக்காரன் என்பதால், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கர்லிங்கைப் பார்த்தான்.

கீழே இறங்கினார்கள். பத்திரிகையாளர் அறை நிரம்பி வழிந்தது. உள்ளூர்க்காரர்கள் லோர்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ரேடியோக்காரன் கண் சிவந்திருந்தது. 'சும்மா' என்ற வார்த்தையைத் தன் வாழ்நாளில் கேள்விப்பட்டதே இல்லை என்ற முகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். லோர்ன் மைக்கின் முன்னால் போய் நின்று, வந்த விலை எதுவும் ரென்னிக்கு ஈடில்லை என்றார். அதற்குமேல் அவரிடம் சரக்கு இல்லை. ரென்னி ஓரமாக நின்று, மோவாயைக் கோட்டுக் காலருக்குள் இறக்கிக்கொண்டிருந்தான்.

டொராண்டோவிலிருந்து வந்த ஒருவன் பின்னாலிருந்து கையைத் தூக்கினான். நல்ல கோட்டு, நல்ல தலைமுடி.

"திரு. டட்சாக், கடைசி நேரத்துல ஹாமில்டன் ரொம்பப் பெரிய விலை கொடுத்ததாவும், நீங்க போனையே எடுக்கலன்னும் கேள்விப்பட்டோம். வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணினப்ப மணி என்ன?"

ரென்னியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. லோர்ன் அந்த மனிதனை நிதானமாக ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் தம்பி, அதெல்லாம் மணி பார்த்து எடுக்கிற முடிவா?"

அறை அதிர்ந்தது. உள்ளூர்க்காரர்கள் மேசையைத் தட்டினார்கள், ரேடியோக்காரன் மறுபடி அழுதான். ரென்னி காலரைக் கண்வரை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினான். உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று மறுநாள் எல்லாப் பத்திரிகையும் எழுதியது. வெர்னா அம்மாள் மேடைக்கு வந்து, படம் எடுக்கிறவர்களுக்காகப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, லோர்ன் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிரிப்பு மாறாமல், உதடு அசையாமல் அவர் காதோரம் சொன்னார்:

"ஜூலை ஒண்ணாம் தேதி, காலைல பத்து மணிக்கு வந்து கணக்கை முடிச்சுக்கோ. எந்த ஊர்ப் பத்து மணிக்கு வேணா வா."